அத்தாயி பாடம் பண்ணிய ஒரு வரி

மரவள்ளிக் கிழங்கை நீளவாட்டில் கீறி, கட்டைவிரலால் நெம்பி, ஒரே சுற்றில் தோலை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள் அத்தாயி. கை கிழங்கில், கண் டெலிபோனில். செம்மேட்டில் அப்பாஸ் அலி மிளகு வாங்கும் கடையின் மூலையில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது அந்த டெலிபோன். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி ஆகிவிட்டால் அதை வேறு யாரும் தொட முடியாது. அவசரம் என்று ஓடி வருகிறவர்களைக் கத்தி பிடித்த கையாலேயே நிறுத்திவிடுவாள்.

"ஏனுங்க, நாலு மணிக்கு என்ற பையன் ஜெர்மனியில இருந்து கூப்புடுவானுங்க. செத்த நேரங் கழிச்சு வாங்க."

கடை அவளுடையதல்ல என்று நினைவூட்ட யாருக்கும் துணிச்சல் இல்லை. அப்பாஸ் அலிக்கே இல்லை. உரித்த கிழங்கு அவர் மனைவி ஹாஜிரா பீவியின் அடுப்புக்குப் போகிறது என்பதும் ஒரு காரணம்.

அத்தாயிக்கு ஐம்பது வயதிருக்கும். மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள்; தேவனூர் நாட்டில் அவளுக்குக் கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடி. சும்மா உட்கார்ந்தால் உடம்பு வலிக்கும் என்பாள். போனில் பேசும்போது, எதிர்ச்சரிவில் களை எடுப்பவளைக் கூப்பிடும் குரலில்தான் பேசுவாள். "இந்தச் சத்தத்துக்கு ஒயர் எதுக்கு அத்தாயிம்மா, வாசல்ல நின்னு கூப்புட்டாலே ஜெர்மனிக்குக் கேக்குமே" என்பார் அப்பாஸ் அலி. "கேட்டா நல்லதுதானுங்க பாய்" என்று இன்னும் கொஞ்சம் கூட்டுவாள்.

மகன் பிரேம் விவசாயப் படிப்பு படித்துவிட்டு, மேற்படிப்புக்காக 2003 தை மாதம் ஜெர்மனி போனான். அங்கே காலேஜில் சேர வேண்டுமானால் முதலில் அவர்கள் பாஷையில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். முதல் மூன்று மாதம் பையன் கண்ட கண்ட நேரத்தில் கூப்பிட்டு, "நல்லாருக்கேம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவான். பெற்றவளுக்குத் தெரியாதா? அந்த 'நல்லாருக்கேன்' தண்ணீரில் ஊறிக்கிடந்த குரலில் வந்தது. துருவித் துருவிக் கேட்டாலும் விஷயம் வராது.

சித்திரையில் திடீரென்று குரல் தெளிந்தது. ஹாஸ்டலை விட்டு ஒரு அம்மாள் வீட்டு மாடிக்குக் குடிபோயிருந்தான். எழுபது வயது எர்னா. அதுவரை நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னான். ராத்திரி தூக்கம் இல்லை, வகுப்பில் வாய் திறந்தால் நாக்கு மரத்துப்போகும், பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறான், ஊருக்குத் திரும்பப் பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. குடிவந்த பிறகு ஒருநாள் மாடிப்படியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தவன் முன்னால் எர்னா ஒரு வாளி உருளைக்கிழங்கும் கத்தியும் வைத்திருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லையாம். கிழங்கு உரிய உரிய ஜெர்மனும் வந்தது, மனசில் கிடந்ததும் வந்தது.

"எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொல்லிட்டேம்மா. சொன்னப்புறந்தான் தூக்கமே வந்துச்சு. உங்கிட்டச் சொன்னா நீ பயந்துக்குவியேன்னு சொல்லல."

அத்தாயிக்குப் பொறாமை. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பையன் பிழைத்துக்கொண்டான் என்ற சந்தோஷம் ஒரு பக்கம் இருக்கத்தான் செய்தது. ஆனால் கிழங்கையும் கத்தியையும் கொடுத்து வாயைத் திறக்கவைப்பது அவளுடைய வழி. ஏழு வயசுப் பிரேமை நேரே பார்த்து 'என்னாச்சு' என்றால் 'ஒண்ணுமில்ல' என்பான். கையில் மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்துவிட்டால், மூன்றாவது கிழங்கில் வாத்தியார் அடித்தது தானாக வெளியே வரும். இதை அவள் கட்டிய புருஷன் அர்த்தனாரிக்குக்கூடச் சொன்னதில்லை. எங்கேயோ கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு கிழவி அதைக் கண்டுபிடித்துவிட்டாளே!

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் விசாரணைதான். அவளுக்குப் பிள்ளைகள் உண்டா? இருந்தால் எதற்கு அடுத்தவள் பிள்ளை? குழம்புக்கு உப்புப் போடுவாளா? மிளகு என்றால் என்னவென்று தெரியுமா? "உருளைக்கெழங்கெல்லாம் ஒரு கெழங்கா சாமி? உரிக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?"

பிறகு ஜெர்மன் படிக்க ஆரம்பித்தாள். எழுத்து தெரியாது, எல்லாம் காதால்தான். பத்துப் பன்னிரண்டு வார்த்தை சேர்ந்தது. எல்லாவற்றோடும் நம்ம ஊர் மரியாதைக்கு ஒரு 'ங்க' ஒட்டிக்கொள்ளும். ஆமாவுக்கு "யாங்க", இல்லைக்கு "நைனுங்க". அதோடு ஒரு முழு வரியை மகனிடமே கேட்டு வாங்கிப் பாடம் பண்ணிக்கொண்டாள். 'எர் இஸ்ட் மைன் ஸோன்.' அவன் என் மகன். எர்னாவிடம் ஒருநாள் இதை முகத்தில் அடித்தமாதிரி சொல்ல வேண்டும். மரவள்ளிக்கு மண் அணைக்கும்போதெல்லாம் தாடையை உயர்த்திச் சொல்லிப் பார்த்தாள். அர்த்தனாரி மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "காட்டுக்குள்ள யாருகூட சண்ட போடறே?"

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. நாலு மணிக்குப் போன் அடிக்கவில்லை. நாலரைக்கும் இல்லை. நாலே முக்காலுக்குக் கடைசி பஸ் அவளை விட்டுவிட்டுப் போனது. "எங்க ஊட்டுல படுத்துக்கலாம், உக்காருங்க" என்றாள் ஹாஜிரா பீவி. அத்தாயி கண்ணை டெலிபோனிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்தாள். கிழங்குத் தோலோடு சதையும் சேர்ந்து சீவப்பட்டுக்கொண்டிருந்தது.

சரியாக ஐந்து மணிக்கு மணி அடித்தது.

"என்ன, கெழவி இப்பத்தான் உட்டாளா உன்ன?"

"ஐயோ அம்மா, நான் எப்பவும்போல இங்கத்த பன்னெண்டரைக்குத்தான் கூப்புடறேன். இன்னிக்கு இங்க எல்லாரும் கடியாரத்த ஒரு மணி நேரம் பின்னால திருப்பிட்டாங்க. குளிர்காலம் வந்தா அப்படித்தான் பண்ணுவாங்களாம்."

"ஊரே சேந்து கடியாரத்தத் திருப்புமா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லோணும் சாமி. அவ சொல்லிக் குடுத்தாளா?"

பிரேம் சிரித்தான். சிரிப்பு பாதியில் அறுந்துபோயிற்று. அத்தாயியின் கோபமும் அங்கேயே நின்றது. அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும்.

"கண்ணு, போயி ஒரு உருளைக்கெழங்கும் கத்தியும் எடுத்துட்டு வா."

"எதுக்கும்மா?"

"எடுத்துட்டு வான்னா வா."

போன் எர்னா வீட்டு நடையில் இருக்கிறது, அடுப்படி பக்கந்தான். போய் வந்தான். இங்கே அத்தாயி ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஒரு கிழங்கை எடுத்தாள். "உரி" என்றாள். இரண்டு பேரும் உரித்தார்கள். கத்திச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் எதுவும் கேட்கவில்லை. கூண்டுக்கு வெளியே அப்பாஸ் அலி மிளகு மூட்டையைக் கட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அம்மா, பரீட்சையில பெயிலாயிட்டேன்."

"ம்."

"வெள்ளிக்கெழம தெரிஞ்சுது. இன்னும் ஒரே ஒரு தடவதான் எழுத உடுவாங்க. அதுலயும் போச்சுன்னா ஊருக்கு வர வேண்டியதுதான். ரெண்டு நாளா சாப்பாடு எறங்கல."

"அந்தம்மாகிட்டச் சொன்னியா?"

"இல்ல. உங்கிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

இதைக் கேட்கத்தான் ஆறு மாதமாகக் காத்திருந்தாள். அத்தாயிக்கு உச்சி குளிர்ந்துபோனது. பையன் பெயிலானதுகூட ஒரு கணம் மறந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். எர்னாவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும்!

அந்தச் சந்தோஷம் ஒரு கிழங்கு உரிக்கிற நேரம் இருந்தது. அப்புறம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கண்ணைத் துடைக்க இங்கிருந்து கை எட்டாது. ராத்திரி அவன் சாப்பிட்டானா என்று தட்டைப் பார்க்க எட்டாது. மறுபடி பெட்டி கட்டினால், அது மாடிப்படியில் இறங்குகிற சத்தம் யார் காதில் விழும்?

"அந்தம்மாளக் கூப்புடு."

"வேண்டாம்மா. சண்ட கிண்ட போட்டுடாத."

"கூப்புடு சாமி."

கத்தியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் கொஞ்சம் கரகரத்த கிழட்டுக் குரல் ஒன்று "ஹலோ" என்றது.

தாடையை உயர்த்தித்தான் ஆரம்பித்தாள். ஆனால், காட்டு வேலைக்குப் போகிறவள் கைப்பிள்ளையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டுப் போகிற குரலில் வந்தது அந்த வரி.

"எர் இஸ்ட் மைன் ஸோனுங்க."

எர்னா ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள். அத்தாயி அதைக் காதில் வைத்துக் கேட்கவில்லை. ரிசீவரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் கும்பிட்டு நின்றாள்.