மண்ணெண்ணெய் மணந்த மணவறை

இண்டைக்கு என்ரை தங்கச்சியின்ரை கலியாணம். அச்சுவேலியிலையிருந்து நல்லூருக்கு அவளை என்ரை பழைய காரிலைதான் ஏத்திக்கொண்டு போனனான்.

ஒரு காலத்திலை ரேஸ் ஓடின கார் அது. இப்ப சண்டையாலை யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை, பெற்றோலுக்கு எங்கை போறது? நானும் தங்கச்சியும் ரெண்டு கிழமை வீட்டிலை மினக்கெட்டு, மண்ணெண்ணெயிலை ஓடுற மாதிரி மாத்திப்போட்டம். ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேட்டருக்குள்ளை ரெண்டு சொட்டுப் பெற்றோல் விடவேணும்.

பாதி வழியிலை கார் நிண்டுட்டுது. முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் இருந்தது. நான் இறங்கி பொனற்றைத் திறந்தன்.

"அண்ணை, பிளக்கிலை கரி பிடிச்சிருக்கும். கழட்டித் தாங்கோ."

பட்டுச்சேலையை ஒதுக்கிக்கொண்டு தங்கச்சி இறங்கீட்டாள். பிளக்கைத் தேய்ச்சுத் துடைச்சுத் தந்தாள். நான் அதைத் திரும்பப் பூட்டினவுடனை, மருந்துப் போத்திலிலை கொண்டுவந்த பெற்றோலிலை ரெண்டு சொட்டைக் காபரேட்டருக்குள்ளை விட்டாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ!"

கார் உறுமிக்கொண்டு கிளம்பிச்சுது.

மணவறையிலை மாப்பிள்ளை மெதுவாக் கேட்டார், "என்ன, மண்ணெண்ணெய் மணக்குது?"

தங்கச்சி நடந்ததைச் சொன்னாள். பக்கத்திலை நிண்ட எனக்கு வெக்கமாப் போச்சுது.

மாப்பிள்ளையின்ரை முகம் மலர்ந்திட்டுது. "என்ரை மோட்டார்சைக்கிளும் காலமை ஸ்டார்ட் எடுக்கேல்லை. நான் சைக்கிளிலைதான் வந்தனான். நாளைக்கு ஒருக்காப் பாப்பீரோ?" எண்டு தங்கச்சியைக் கேட்டார்.

சீதனமாக் கார் கேட்ட மாப்பிள்ளையளை எனக்குத் தெரியும். கார் திருத்தத் தெரிஞ்ச பொம்பிளை உங்களிலை ஆருக்காவது வாய்ச்சிருக்கோ? சொல்லுங்கோ பாப்பம்.