நாற்காலியில் தூங்கியவர்

தண்டையார்பேட்டையில் நான் பல் மருத்துவமனை திறந்த புதிதில், வந்தவர்களில் பாதிப் பேர் பெஞ்சோடு திரும்பிப் போய்விடுவார்கள். திரைக்கு அந்தப் பக்கம் ட்ரில் ஓடும் சத்தம் கேட்டதும் "ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று எழுவார்கள். எந்தக் கடையில் டீ குடித்தார்களோ, திரும்பி வரவே மாட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கப்பலில் ஏறி இறங்குகிறவர்கள், கத்திக்குத்துக்குத் தையல் போட்டுக்கொண்டவர்கள் எல்லாம் என் சிறிய ஊசியைப் பார்த்து ஓடினார்கள். நானும் அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்ட நாளில்தான் அவர் வந்தார். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். துறைமுக வாசலுக்குப் போகும் சாலையில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளில் ஒன்று அவருடையது. நாற்பது வயது இருக்கும். சட்டையின் மேல் பித்தானைப் போட முடியாத அளவுக்குத் தடித்த கழுத்து. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வேர் வரை போயிருந்தது. மற்ற பற்கள் எல்லாம் தேய்ந்து தட்டையாக இருந்தன. தூக்கத்தில் பல்லைக் கடிப்பவர் என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மரத்துப்போக ஊசி போட்டு, நாற்காலியைப் படுக்கைவாட்டில் சாய்த்து, ட்ரில்லைப் பல்லில் வைத்தேன். மனிதர் தூங்கிவிட்டார். பொய்த் தூக்கம் இல்லை. வாய் திறந்தபடி, அறை அதிரும் குறட்டை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எழுந்துபோய்த் திரையை விலக்கினேன். பெஞ்சில் இருந்தவர்களிடம், "பாருங்க. வேர் வரைக்கும் வேலை நடக்குது, மனுசன் தூங்குறாரு. உங்களுக்கு இன்னா பயம்?" என்றேன். அவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை.

அதன் பிறகு நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. கூட்டம் சேரும் மாலை ஆறு மணிக்கே அவரை வரச் சொன்னேன். மூன்று தடவையில் முடிய வேண்டிய வேலையை ஐந்து தடவையாக இழுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் தூங்கினார். ஒவ்வொரு தடவையும் நான் திரையை விலக்கினேன். வலிக்காத டாக்டரம்மா என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான். அவருக்கும் அதில் பெருமைதான். "உங்க கைல இன்னாவோ கீது டாக்டரம்மா, வூட்ல கூட எனுக்கு இப்டி தூக்கம் வர்றதில்ல" என்பார்.

ஒரே ஒரு தொந்தரவு, அவருடைய நாக்கு. பெரிய நாக்கு. அதன் ஓரம் முழுவதும் பற்கள் பதிந்த தடம் இருந்தது. தொண்டையின் வாசலே கண்ணுக்குத் தெரியாதபடி பின்னால் அடைத்துக்கொண்டு கிடந்தது. குறட்டையின் நடுவே திடீரென்று சத்தம் நின்றுபோகும். அப்போது நாக்கு அசையாது. அந்த இடைவெளி எனக்கு வசதியாக இருந்தது. அதற்குள் வேகவேகமாக வேலையைப் பார்ப்பேன். பிறகு அவர் தண்ணீரிலிருந்து தலையை வெளியே எடுத்தவர் மாதிரி மூச்சை இழுத்துக்கொண்டு திடுக்கிட்டு விழிப்பார். என் கை தடுமாறும். "ஆடாம இருங்க" என்று அதட்டுவேன். பாவம், மன்னிப்புக் கேட்பார். அவருடைய சிகிச்சை அட்டையில் பல் தேய்வு, நாக்கின் ஓரம் பல் தடம், தொண்டை வாசல் தெரியவில்லை என்று குறித்து, கீழே "நாக்கு பெரிது, வேலைக்கு இடைஞ்சல்" என்று எழுதி வைத்தேன்.

நான்காவது தடவை அவருடைய மனைவியும் வந்தார். நான் திரையை விலக்கியபோது பெஞ்சில் இருந்தவர்களோடு அவரும் எட்டிப் பார்த்தார். வண்ணாரப்பேட்டை ரெடிமேடு கடைகளுக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுப்பவர். சட்டைகளுக்குப் பித்தான் துளை தைக்கிற வேலை. கணவர் வாய் கொப்பளிக்கப் போனபோது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டாக்டரம்மா, இவுரு ராத்திரில தூங்க சொல்ல மூச்சு நின்னுடுது. நான் உலுக்குனாதான் திரும்பி வருது. உள்ள இன்னாவோ அடைக்குது போல. கொஞ்சம் பாருங்களேன்."

"குறட்டை யாருக்குத்தாம்மா இல்ல? உடம்பு அசதி. ஒருக்களிச்சிப் படுக்கச் சொல்லுங்க. ரொம்ப இருந்தா மூக்கு டாக்டரப் பாருங்க" என்றேன்.

"மத்த டாக்டருங்க நெஞ்சுல குழாய வெச்சிட்டு நல்லாகீறாருன்னு அனுப்பிட்றாங்க. அவுரு வாய்க்குள்ள இத்தினி நேரம் பாக்குறது நீங்க ஒருத்தர்தான்."

நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். பல்லைக் கடிப்பதற்கு, தூங்கும்போது மாட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை செய்து கொடுத்தேன். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சில மாதங்கள் கழித்து அந்த அம்மா தனியாக வந்து, நடந்ததைச் சொன்னார். துறைமுகச் சாலையில் வரிசை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கணவர் வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் போனவர், ஸ்டியரிங்கின் மேலேயே தூங்கிவிட்டார். முன்னால் நின்ற டிரெய்லரில் போய் மோதிவிட்டது. பட்டப்பகல். உயிருக்கு ஒன்றும் இல்லை, கால் எலும்பு முறிந்திருந்தது. ஆனால் அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று சொல்லி முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிட்டார். அவர் குடிக்கிறவர் இல்லை. அவர் வாய்க்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக முகத்தை வைத்திருந்த எனக்கு அது தெரியும்.

"நீங்க ஒரு லெட்டர் குடுங்க டாக்டரம்மா. பல்லுல மெசினு ஓடச் சொல்லயே தூங்குற ஆளு, அது அவுரு கைல இல்லன்னு எழுதுங்க. நீங்கதான் கண்ணால பாத்தீங்க" என்றார்.

நான் எழுதவில்லை. "தூங்கிட்டாருன்னு எழுதினா அது அவருக்கே எதிரா போயிடும்மா" என்று புத்தி சொன்னேன். நல்லதுக்குச் சொல்கிற குரலில் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. தூக்கத்தை ஒரு வியாதி என்று என் பேர் போட்ட தாளில் எழுதிக் கொடுத்தால், மற்ற டாக்டர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். அவர் "சரிம்மா" என்று போய்விட்டார்.

வருஷம் முடிவதற்குள் அவருடைய கணவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். பெஞ்சில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "நல்ல சாவு, தூக்கத்துலயே பூட்டாரு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். துக்கம் கேட்கப் போகவில்லை.

அதற்கு இரண்டு மூன்று வருஷங்கள் கழித்து, நகரத்தின் தென்பக்கம் ஒரு ஹோட்டலில் பல் டாக்டர்களுக்காக ஒரு கூட்டம் நடந்தது. மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று போனேன். பேசியவர் திரையில் ஒரு நாக்கைக் காட்டினார். ஓரம் முழுக்கப் பல் தடம். அடுத்த படத்தில் தேய்ந்த பற்கள். அடுத்ததில் கண்ணுக்குத் தெரியாத தொண்டை வாசல். பிறகு தடித்த ஒரு கழுத்து. தூக்கத்தில் தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்றுபோகும் வியாதி இது, இரவு முழுவதும் நின்று நின்று வருவதால் பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும், இருதயம் தாங்காது, மூச்சை உள்ளே தள்ளும் ஒரு மெஷின் இருக்கிறது, சிலருக்குக் கீழ்த்தாடையை முன்னால் நிறுத்தும் ஒரு உறையே போதும், அதை நாமே செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் ஒரு உறைதான் செய்து கொடுத்திருந்தேன், பல் தேயாமல் இருக்க.

"குறட்டை உண்டா என்று உங்களில் எத்தனை பேர் நோயாளியிடம் கேட்கிறீர்கள்?" என்று அவர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. "அத என் வூட்டுக்காரி கேட்டா போதும்" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, அரங்கமே சிரித்தது. அதன் பிறகு சாப்பிடப் போனார்கள். நான் சாப்பிடாமல் பஸ் பிடித்து வந்து அவருடைய பழைய அட்டையைத் தேடி எடுத்தேன். கழுத்து ஒன்றைத் தவிர, படத்தில் காட்டிய அத்தனையும் அதில் என் கையெழுத்தில் இருந்தது.

அப்புறம் எல்லோரிடமும் கேட்க ஆரம்பித்தேன். "பல்லு வலின்னு வந்தா குறட்டையப் பத்திக் கேக்குறீங்களே" என்று சிரிப்பார்கள். வியாதியைக் கண்டுபிடிக்க, இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. அப்போது அது இருந்த இடம் ஊரின் மறுகோடி, எங்கள் ஆட்கள் நெருங்க முடியாத பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு எழுதிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்து ஒருவரும் போகவில்லை.

அந்த டிரைவரின் மனைவி ஒருநாள் பல் வலி என்று வந்தார். தலை நரைத்திருந்தது. நாற்காலியில் உட்கார வைத்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கூட்டத்தில் கேட்ட அத்தனையும் சொல்லிவிட்டேன்.

"அப்போ அது வியாதிதானா?"

"ஆமாம்மா."

"சரி பண்ணக்கூடியதா?"

"பண்ணியிருக்கலாம்."

முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். "தெனமும் முழிச்சிகினு இருந்து உலுக்கிவுடுவேன். அன்னிக்கி காஜா வேல ஜாஸ்தி. அசந்துட்டேன். நான் தூங்குனதாலதான் பூட்டாருன்னு இத்தினி வருசமா நெனச்சிகினு கீறேன்."

"உங்க மேல ஒரு தப்பும் இல்லம்மா. எனக்குத்தான் அப்போ தெரியல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"பாத்துகினே இருந்தீங்களேம்மா. எங்களையும் கூப்ட்டு காட்டுனீங்களே."

நான் விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேரே வைத்தேன். அவர் தலையைச் சாய்த்து வாயைத் திறந்தார்.