ஒன்பதாம் எண் தட்டில் குங்குமம்

ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் பேருந்து ஏறும்போது என் தோளில் தொங்கும் சதுரப் பை யாருக்கும் பிடிபடுவதில்லை. போன வாரம் அதைக் காலடியில் வைக்கப் போனேன். நடத்துநர் பதறிவிட்டார். "தேவுடி படமா? கிந்த பெட்டகண்டி." சாமி படத்தைக் கீழே வைக்காதே என்கிறார். உள்ளே இருந்ததோ தொண்ணூறுகளில் சிகாகோவில் அச்சான, ஹவுஸ் என்னும் நடன இசையின் தட்டு. அதை விளக்க என் தெலுங்கு போதாது. தலையாட்டிவிட்டு, செகந்திராபாத் வரை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன் மனை பார்க்காமல் தட்டு பார்க்கிறானாமே என்று ஊரில் பேச்சு. இங்குள்ள தமிழ் நண்பர்களுக்கோ, பாடகர் இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை. இரு தரப்புக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நான் கோவை கணபதியில், அப்பாவின் லேத் பட்டறைக்கு மேல்மாடியில் வளர்ந்தவன். ஆன்சைட் என்று ஆறு மாதம் சிகாகோவில் இருந்தபோது, ஒரு பழைய தட்டுக் கடையில் இந்த ஹவுஸ் இசையின் டிரம் அடியை முதன்முதலாகக் கேட்டேன். அந்நியமாகவே இல்லை. பட்டறையில் நீளமான இரும்பு ஷாஃப்ட்டைக் கடையும்போது தரை வழியாக உள்ளங்காலுக்கு ஏறுமே, அதே சீரான அதிர்வு. இது எனக்குப் பொருந்தாத இசை என்று யார் சொன்னாலும் நான் கேட்பதாக இல்லை.

அங்கே தட்டு வெளியிடும் ஒரு சின்ன நிறுவனத்தின், அதாவது லேபிளின், பித்தில் மாட்டிக்கொண்டேன். பெயரைச் சொல்ல மாட்டேன்; சொன்னால் நாளைக்கே நாலு பேர் தேடக் கிளம்புவார்கள். மொத்தமே பதினோரு வெளியீடுகள். முதல் மூன்றும் பிறரைப் பார்த்துச் செய்தவை. ஆறாம் எண்ணில் பாஸ் என்கிற அடித்தொனி சேறு மாதிரி இருக்கும். ஒன்பது மட்டும் அப்பழுக்கற்றது. என்னிடம் நாலாம் எண் தவிர எல்லாம் இருந்தன, ஒன்பதில் இரண்டு பிரதிகள். லீட்ஸ் நகரத்துச் சேகரிப்பாளன் ஒருவன், உபரி ஒன்பதைக் கொடுத்தால் நாலைத் தருவதாக மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டான். ஒரே நிபந்தனை: நடுவில் ஒட்டிய காகிதத்தில்கூடக் கறை கூடாது. பேனாக் கோடு ஒன்று விழுந்தாலும் தரம் இறங்கிவிடும் உலகம் இது.

அந்த வாரம்தான் அம்மா வந்திருந்தாள். ஆயுதபூஜை. அலுவலகம் முடிந்து வந்து பார்த்தால், பலகையில் கோலம் போட்டு, தட்டுகளை உறையிலிருந்து எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றின் நடுக் காகிதத்திலும் சந்தனம், குங்குமம்.

"ஏங்கண்ணு மொறைக்கற? சோத்தக்கூட உட்டுப்போட்டு இதத்தான தொடச்சுட்டு உக்காந்திருக்கற? அப்பா லேத்துக்கு வெப்பாரல்ல, அதாட்டந்தான்."

கை துணியை நோக்கிப் போனது. பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக்கூடாது என்றாள். பட்டறையில் அன்றைக்கு ஸ்பேனரைக்கூட எடுத்ததில்லை நாங்கள். தொடவில்லை. காலைக்குள் குங்குமம் காகிதத்தில் ஊறிவிட்டது. ஈரத்துணியால் ஒற்றியதில் சிவப்பு இன்னும் பரவியதுதான் மிச்சம்.

கீழ்வீட்டு ஜெபராஜ் அங்கிள்தான் வீட்டுக்காரர். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். எனக்குத் தட்டு சுழற்றும் பெட்டியை இரவல் கொடுத்தவர். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார். அவர் தமிழில் இந்த ஊர் உருது கலக்கும்; எதற்கு என்பது 'கைக்கு', ஆமாம் என்பது 'ஹவ்'. "கைக்கு டென்ஷன் பாபு? பொட்டு இல்லாத பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பு. அவனுக்கு என்னா தெரியும்?"

தரத்தில் பொய் சொல்கிறவன் சேகரிப்பாளனே இல்லை என்றேன்.

"ஹவ், அப்ப நாலாம் நம்பர் நக்கோ, வேணாம். அவ்ளோதான்."

இரண்டு பக்கத்தையும் படமெடுத்து, பூஜையைப் பற்றி ஒரு பத்தி எழுதி அனுப்பினேன். அது ரத்தமா என்று கேட்டான் லீட்ஸ்காரன். இல்லை, பொட்டு என்று மறுபடி விளக்கினேன். எதுவானாலும் சேதம் சேதம்தான் என்றான். கூடவே ஆறும் ஏழும் தந்தால் யோசிப்பதாக எழுதினான். அந்தச் சொல்தான் உறுத்தியது. அம்மா செய்த மரியாதைக்குப் பெயர் சேதமாம். இந்தத் தட்டு இனி மாற்றுக்கு இல்லை, உங்கள் நாலு உங்களிடமே இருக்கட்டும் என்று பதில் போட்டேன். பட்டியலில் ஒன்பதுக்கு நேரே, எந்த நாட்டுத் தரவரிசையிலும் இல்லாத ஒரு தரத்தை நானே எழுதினேன்: பொட்டு வைத்தது.

அலமாரியில் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். அம்மா ஊருக்குப் போய்விட்டாள். இன்று அந்த ஒன்பதை ஓடவிட்டேன். சிகாகோ முகவரி அச்சிட்ட காகிதத்தின் மேல் அம்மா வைத்த கோவை கணபதிக் குங்குமம் சுற்றுகிறது. பாதிச் சுற்றில் என் பக்கம் வருகிறது. மீதிப் பாதியில் ஜன்னலுக்கு அப்பால் தெரியும் இந்த ஊர்ப் பக்கம் போகிறது. ஊசி மட்டும் துள்ளவே இல்லை.