பாய் பேர்ல நான் ஊதின மூச்சு

நசீர் பாய் போயிட்டார்.

காலைல பூந்தமல்லியில அவர் வீட்ல இருந்து போன் வந்தது. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சு அடக்கம் பண்ணிட்டு இப்பதான் திருமுல்லைவாயில்ல என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் சட்டை கூட மாத்தல.

தெரியாதவங்களுக்கு சொல்றேன்... அம்பத்தூர் எஸ்டேட்ல நான் வேலை பாக்குற ஃபவுண்டரியில பதினாலு வருஷம் எனக்கு அடுத்த கிரைண்டர் அவரோடது. மணல் அச்சுல இருந்து எடுத்த வார்ப்புல ஒட்டிக்கிட்டு வர்ற மணலையும் பிசிறையும் தேய்ச்சு எடுக்கிற செக்‌ஷன். சாயங்காலம் மூக்கு சிந்தினா கறுப்பா வரும்.

பீடி, சிகரெட் எதையும் தொடாத மனுஷன். என்னை மச்சான்னுதான் கூப்பிடுவார், அவர் பொண்ணு என்னை மாமான்னு கூப்பிடும்.

கேன்டீன் மாடியில. பதினெட்டு படி. மூணு நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் பாய் நடுப்படியில நின்னு போனை காதுல வெச்சு "ஆங்... ஆங்..."னு பேசிட்டு இருந்தார். பக்கத்துல போய் பார்த்தா போன் ஆஃப்ல இருக்கு.

"மூச்சு வாங்குது மச்சான். யார் கிட்டயும் சொல்லிடாத."

நானும் சொல்லல. அதுல இருந்து தினமும் அவரோட நானும் நடுப்படியில நின்னு போன் பேசினேன்.

எங்க கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் வேன் வரும். மூக்குல கிளிப் மாட்டி, வாயில அட்டைக் குழாய் வெச்சு, "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க... விடாதீங்க"ன்னு ஒரு பொண்ணு சொல்லும். எக்ஸ்ரே எல்லாம் கிடையாது, ஊதுறதோட சரி. சரியா ஊதலன்னா செக்‌ஷனை விட்டு எடுத்துடுவாங்க. எடுத்தவங்க யாரும் ரொம்ப நாள் கம்பெனியில இருந்ததில்ல.

வேன்ல வர்றவங்களுக்கு நம்ம முகம் தெரியாது. சீட்டுல இருக்கிற டோக்கன் நம்பர்தான். அதனால எங்க செக்‌ஷன்ல ரொம்ப நாளாவே ஒரு பழக்கம்... கண்ணு சரியில்லாதவனுக்கு கண்ணு நல்லா இருக்கிறவன் போவான். மூச்சு இல்லாதவனுக்கு மூச்சு இருக்கிறவன்.

பாய் என்கிட்ட கேட்டார். "பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஓட்டிக்கினா போதும் மச்சான்."

காலைல என் பேர்ல ஊதினேன், மத்தியானம் சட்டை மாத்திட்டு வந்து அவர் பேர்ல ஊதினேன். மூணு வருஷம். மூணு வருஷமும் நார்மல். பெரிய உதவி பண்ணிட்டதா நெனப்பு எனக்கு.

போன வருஷம் அவருக்கு கால் வீங்க ஆரம்பிச்சது. ஸ்டோர்ல போய் ரெண்டு சைஸ் பெரிய ஷூ கேட்டு வாங்கினார். "இன்னா மச்சான், இந்த வயசுல கால் வளந்துகினே கீது"ன்னு சொல்லி செக்‌ஷனையே சிரிக்க வெச்சார்.

வீட்டுப் பக்கத்து கிளினிக்ல காமிச்சாங்க. சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது. அக்கா, அதாவது பாயோட வீட்டம்மா, கம்பெனி ஃபைலை பத்திரமா எடுத்துட்டுப் போய் டாக்டர் முன்னாடி வெச்சிருக்காங்க. ஃபைல்ல நுரையீரல் நார்மல்னு இருக்கவும் அவர் அந்தப் பக்கமே போகல. சுகர் மாத்திரை, ஹார்ட் மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை... ஆறு மாசம் ஓடிடுச்சு.

கிளினிக் போயிட்டு வந்த மறுநாளே டீ டைம்ல பாய் என்கிட்ட சொன்னார். "லங்ஸ் சூப்பரா கீதாம் மச்சான். உன் லங்ஸ்."

ரெண்டு பேரும் சிரிச்சோம்.

அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கல. எனக்கும் வேலை போயிடும்னு பயம். வேற ஒரு காரணமும் இல்ல.

ஒரு நாள் படியே ஏற முடியாம உக்காந்துட்டார். நான்தான் ஆட்டோல நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன். அக்கா கொடுத்து விட்ட ஃபைலும் என் கையிலதான் இருந்தது.

ஸ்கேன் பார்த்துட்டு அந்த டாக்டரம்மா சொன்னாங்க. மணல் தூசி படிஞ்சு நுரையீரல் ரெண்டும் இறுகிப் போச்சு. அதுக்குள்ள ரத்தத்தை தள்ளித் தள்ளி இதயத்தோட வலது பக்கம் வீங்கிடுச்சு. கால் வீங்கினது அதனாலதான். சுகர் வேற இருக்கிறதால சளி பிடிச்சா சீக்கிரம் கேக்காது...

அப்புறம் ஃபைலைப் புரட்டினாங்க. "இது யாரோட ரிப்போர்ட்டுங்க? இவர் இப்படி ஊதியிருக்கவே முடியாதே."

பாய் என் கையை இறுக்கிப் பிடிச்சார். "மிஷின் ரிப்பேரா இருக்கும் மேடம்"னு அவர்தான் சொன்னார். அந்த மூச்சுலயும் என்னைக் காப்பாத்தினார்.

அதுக்கப்புறம் வேலைக்கு வரல. வீட்ல ஆக்சிஜன். ஞாயித்துக்கிழமை போய்ப் பார்ப்பேன், ஒரு வாக்கியத்தை மூணு தடவையா பேசுவார். நான் ஊதின கதையை மட்டும் ரெண்டு பேரும் எடுக்கவே மாட்டோம்.

இன்னைக்கு பாயோட மய்யத்தை வீட்ல இருந்து எடுத்த பிறகு நான் செருப்பைத் தேடிட்டு இருந்தேன். பாய் பொண்ணு வாசல்ல வந்து நின்னுச்சு, கையில அந்த ஃபைல்.

"மாமா, அம்மா உள்ள இருந்து கேக்க சொன்னாங்க. மூணு வருஷமும் நார்மல்னுதான போட்டிருக்கு. அப்புறம் எப்படி மாமா?"

"வந்துடறேன்மா"ன்னு சொல்லிட்டு கூட்டத்தோட நடந்துட்டேன். நாப்பது பேர் தோள் மாத்தி மாத்தி தூக்கினாங்க. எனக்கு ஒரு தடவை கூட தோள் கொடுக்க மனசு வரல.

பாப்பா, நீ ஃபேஸ்புக் பார்ப்பேன்னு தெரியும். இதை அம்மாவுக்கு நீயே படிச்சுக் காட்டு... நேர்ல சொல்ற தைரியம் எனக்கு இல்ல. அந்த மூணு ரிப்போர்ட்டும் அப்பாவோடது இல்லம்மா. என்னோடது. கம்பெனிக்காரங்க யாராவது படிச்சா படிக்கட்டும்.

எனக்கு இப்பவும் நல்லா மூச்சு வருது. அதான் தாங்கல.

பாய்... மெதுவா போங்க. மூச்சு வாங்கினா நின்னுக்கோங்க, போனை காதுல வெக்க வேண்டாம்.