ஒரே மாத்திரை, இரண்டு ரத்தம்

எனக்கும் என் கணவருக்கும் எச்.ஐ.வி. இருப்பது ஒரே வாரத்தில் தெரிந்தது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தோண்டித் தோண்டிச் சண்டை போட்டு ஓய்ந்தோம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே நாளில் மாத்திரை ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் ஆளுக்கு ஒன்று.

ஆறு மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்ததில், என் கிருமி கண்டுபிடிக்கவே முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. அவருக்கு இன்னும் ஆயிரக்கணக்கில். எனக்கு வந்ததே கோபம்! இரண்டு பேருக்கும் ஒரே மாத்திரைதானே? இந்த மனுஷன் விழுங்காமல் எங்கேயோ வீசுகிறார், சாகத் துணிந்துவிட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன்.

"இன்னாய்யா, என்ன ஒண்டியா வுட்டுட்டுப் போலாம்னு பாக்கிறியா?"

"தெனம் முழுங்கிக்கினுதான்டி இருக்கேன்."

நம்பினால்தானே! மறுநாளிலிருந்து, அவர் கரும்பு வெட்டக் கிளம்பும் முன் வாயைத் திறக்கச் சொல்வேன், நாக்கைத் தூக்கச் சொல்வேன். டப்பாவில் மிச்சம் எத்தனை என்று எண்ணுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் கோபம் இன்னும் ஏறும். சரியான கள்ளன் என்று திட்டுவேன். அவர் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"ஏம்மா, நீ வந்தப்ப உன் உடம்புல கிருமி கம்மி. இவரு எலும்பும் தோலுமா வந்தாரு, கிருமி ரொம்ப ஜாஸ்தி. ஒரு கொல்லையில நாலு கோரைப்புல்லு, இன்னொண்ணுல பூரா கோரை. ரெண்டையும் ஒரே நாள்ல கொத்திடுவியா?" என்றார்.

சில கிருமி மருந்துக்கு மசியாமலும் போகும், மூன்று மாதம் விடாமல் போட்டபின் மறுபடி பார்ப்போம், இறங்காவிட்டால் மருந்தை மாற்றலாம் என்றார். வெளியே அத்தனை கூட்டம், டாக்டரம்மா அவசரப்படவே இல்லை. நான் வெளியே வந்த பிறகும் என் கணவரை மட்டும் உட்காரவைத்துப் பேசிவிட்டுத்தான் அனுப்பினார்.

அந்த மூன்று மாதமும் நான் வேண்டாத சாமி இல்லை. வாயைத் திறக்கச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். முடிவு வந்த அன்று டாக்டரம்மா முகமெல்லாம் சிரிப்பு. நன்றாக இறங்கிவிட்டது, மருந்தை மாற்ற வேண்டாம், ஒரு நாளும் விடவும் கூடாது என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் கேட்டேன்.

"அவ்ளோ பேசினேனே, ஏன்யா திருப்பி ஒண்ணும் சொல்லல?"

"நீ சொல்லிச் சொல்லி, மெய்யாவே முழுங்கறனான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சிடி. டாக்டரம்மாதான் என்னைய ஒக்கார வச்சி, 'நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியும்'னாங்க. அப்பதான் உயிரே வந்துச்சி."

ஐயோ, பாவி நான்! அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த மகராசி குடும்பத்தோடு நன்றாக இருக்கட்டும். கட்டினவள் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தையை டாக்டரம்மா சொன்னார்.