ஆளைக் கண்டால்தான் உரம்

உர மானியம் கொடுக்கிற உத்தியோகத்தில் மூட்டையைச் சுமப்பவர் வேறொருவர், வசவைச் சுமப்பவர் நாம். கமநல நிலையத்துக் கதிரையில் என்னைப் போல் குந்தியிருந்தவர்களுக்கு இது தெரியும். வயலுக்குப் போய், செய்கைக்காரரைக் கண்ணால் கண்ட பிறகே கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் மேலதிகாரியின் கட்டளை. அந்தக் கண்தான் என்னைப் படுத்தியது.

வயலுக்குள் ஒரு கதவு

சுனாமிக்குப் பிறகு, உப்பேறிய வயல்களைப் பார்த்து நட்டஈட்டுக்குச் சிபார்சு செய்ய வாவிக்கரைக்கு அனுப்பினார்கள். ஒரு கமக்காரர் வயல் முழுவதையும் உழுதுவிட்டு, நடுவில் ஒரு துண்டை மட்டும் தொடாமல் விட்டிருந்தார். அங்கே நிலையோடு ஒரு கதவு சேற்றில் புதைந்து நேராக நின்றது. சுவருமில்லை, வீடுமில்லை. கடல் எங்கிருந்தோ பிடுங்கி வந்தது.

"இதைத் தூக்கிப் போட்டால் இன்னும் கொஞ்ச நிலம் கிடைக்குமே" என்று புத்தி சொன்னேன். மனுஷன் என்னைக் கதவின் மறுபக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

"பாருங்க சேர், உள்பக்கத்தால கொண்டி போட்டிருக்கு. ஆக்கள் உள்ளுக்க இருக்கக்குள்ள நான் எப்பிடிப் புடுங்கிற?"

களத்தில் கூப்பிட்ட பெயர்

யுத்தம் முடிந்த கையோடு வெல்லாவெளிப் பக்கம் எனக்கு இடமாற்றம் வந்தது. கணபதிப்பிள்ளை என்பவரின் பெயரில் அடுத்த போகத்துக்கு உரம் கேட்டிருந்தார்கள். ஆளைக் காண வட்டைக்குப் போனேன். அங்கே களத்தில் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். வரம்பில் நின்றபடியே, "கணபதிப்பிள்ளை! கணபதிப்பிள்ளை!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

எல்லார் கையும் நின்றது. நெல் குவிந்த களத்தில் அவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பூதம் காதில் வாங்கிக்கொள்ளுமாம். அதிலும் நான் கூப்பிட்டது யுத்தத்தில் காணாமல் போனவரின் பெயர். வயலைச் செய்வது அவர் மனைவி யோகம். அந்த வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டை விதானையார் என்னருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கூப்பிட்டது நீங்க. ஆரும் வந்து நிண்டா நீங்கதான் சேர் பதில் சொல்லோணும்."

வாய்க்கால் வெட்டியவர்

அடுத்த போகத்தில் பயிர் மஞ்சளிக்கத் தொடங்கியதும் யோகம் நிலையத்துக்கு வந்தா. மரணச் சான்றிதழ் எடுத்தால் வயலை உங்கள் பெயருக்கு மாற்றி உடனே உரம் தரலாம் என்றேன். "செத்தவரெண்டு என்ட வாயால சொல்ல மாட்டன்" என்று எழும்பிப் போய்விட்டா. உரம் இல்லாவிட்டால் அவவின் பிள்ளைகளுக்கு அந்த வருடம் சோறில்லை.

மனம் கேட்காமல் மத்தியானம் வயலுக்குப் போனேன். கொளுத்தும் வெயில். ஓர் ஆள் எனக்கு முதுகு காட்டி நின்று, மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டித் திறந்துகொண்டிருந்தார். "கணபதிப்பிள்ளையோ?" என்றேன். திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார். நான் வரம்பைச் சுற்றிப் போனபோது ஆளைக் காணோம். வெட்டின மண் ஈரமாகக் கிடந்தது, தண்ணீர் வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நேரே நிலையத்துக்குத் திரும்பி, ஆளைக் கண்டேன் என்று கையெழுத்து வைத்துவிட்டேன். கண்டது உண்மைதானே!

உரம் ஏற்ற வந்த யோகத்திடம் நடந்ததைச் சொன்னேன். பயப்படுவா என்று நினைத்தேன். மூட்டையில் வைத்த கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தா.

"ஆள் மெலிஞ்சி போனாரா சேர்?"

எத்தனையோ சுற்றுநிருபங்களைக் கரைத்துக் குடித்து ஓய்வுபெற்றவன் நான், ஆனால் முதுகை மட்டும் கண்டவனிடம் முகத்தை விசாரித்தால் என்ன சொல்வதென்று அவை ஒன்றிலும் எழுதியிருக்கவில்லை.