யூஜினியின் ஒன்பது தசம் நான்கு மூன்று

1. சோதனை மண்டபம்

போரால் கரண்ட் இல்லாத காலம். பற்றரிக்கும் தடை. மின்சாரம் வேண்டாத பரிசோதனைகளைத் தேடிப் பிடித்துத்தான் எங்கள் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தை ஓட்டினோம். அந்த வருட பிரற்றிக்கல் சோதனைக்கு நான் கொடுத்தது எளிய ஊசல். நூலில் குண்டைக் கட்டி ஆடவிட்டு, ஐம்பது அலைவுக்கு எடுக்கும் நேரத்தை அளந்து, அதிலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலை, அதாவது 'g'யைக் கணிக்க வேண்டும். விடை 9.81 என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். அதற்குக் கிட்ட வந்தால் கூடப் புள்ளி, விலகினால் குறைவு. அந்தத் திட்டத்தைப் போட்டவன் நான்.

சாவி கொடுக்கிற பழைய ஸ்ரொப் வாட்ச் ஐந்து இருந்தன, மேசைக்கு ஒன்றாக. ஐந்தையும் சரிபார்த்ததாகக் கையெழுத்தும் வைத்திருந்தேன். உண்மையில் காதில் வைத்து, டிக் டிக் என்று கேட்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

மூன்றாம் மேசையில் முறை வைத்து ஆறு பேர் செய்தார்கள். ஐந்து பேருக்கு 9.8ஐ ஒட்டி வந்தது. யூஜினிக்கு 9.43. குருநகரில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. அதிகம் கதைக்க மாட்டாள். சிறப்புப் பட்டத்துக்குப் போக அவளுக்கு இந்தப் பிரற்றிக்கலில் சித்தியடைவது மட்டும்தான் பாக்கி; தவறினால் பொதுப் பட்டம்தான்.

தாள்களைச் சேர்க்கும்போது எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"என்ன பிள்ளை இது?"

"மூண்டு தரம் செய்தனான் சேர். மூண்டு தரமும் உதுதான் வந்தது."

"அப்ப குருநகர் ஆக்களைப் பூமி கொஞ்சம் மெதுவாத்தான் இழுக்குதோ?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டாள். நீர்வேலியில் தோட்டம் செய்கிற 'உயர்ந்த' சாதிக்காரர் ஒருவரின் மகளிடம் ஊரைச் சொல்லி அப்படிக் கேட்டிருப்பேனா? மாட்டேன். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

2. காலைச் செய்தி

சித்தியடையாத புள்ளியைப் போட்டேன். ஆனால் அந்த "மூண்டு தரம்" மனதை அரித்தது. அவள் பிழை என்று எனக்கு நானே நிரூபித்துவிட்டால் நிம்மதி என்று நினைத்து, மூன்றாம் மேசை வாட்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்போது எங்கள் வீடுகளில் வானொலி கேட்கிற முறை இதுதான்: சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோவிலிருந்து றேடியோவுக்குக் கரண்ட் வரும். மணிக்கு மணி நேரம் காட்டப் 'பீப்' ஒலி போடுவார்கள். காலை ஆறு மணிப் பீப்புக்கு வாட்ச்சைத் தட்டிவிட்டேன். ஏழு மணிக்குக் கிட்ட மனைவி பெடலைச் சுற்றினாள்.

"உங்கடை ஆராய்ச்சிக்கு என்ரை கைதான் கிடைச்சுதோ? கெதியா முடியுங்கோ, அடுப்பிலை புட்டு."

ஏழு மணிப் பீப்புக்கு நிறுத்தினேன். வாட்ச் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இன்னும் ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி காட்டியது. வேகமாக ஓடுகிற வாட்ச்; நேரத்தைக் கூட்டிக் காட்டினால் விடை குறையும். கடதாசியில் கணக்குப் போட்டேன். அந்த வாட்ச்சால் நேர்மையாக அளந்தால் வரவேண்டிய விடை 9.43.

அப்படியென்றால் மற்ற ஐந்து பேரும் 9.81ஐ முதலில் எழுதிவிட்டு, அதற்கு எத்தனை விநாடி வரவேண்டும் என்று பின்பக்கத்தால் கணக்குப் பார்த்து வாசிப்புகளை நிரப்பியிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? மாணவனாக இருந்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். புள்ளிப் பட்டியல் அவருடைய மேசையில்தான் இருந்தது.

"ஐசே, வாட்ச் சரியெண்டு கையெழுத்து வைச்சது ஆர்?"

"நான்தான்."

"அப்ப பரீட்சைச் சபையிலை எழும்பி அதைச் சொல்லப் போறீரோ? ஐஞ்சு பேரைக் கள்ளரெண்டும் சொல்லப் போறீரோ? விடும். ஒரு பிள்ளை பொதுப் பட்டம் எடுத்தால் உலகம் அழியாது."

சண்டை பிடித்திருக்கலாம். வாட்ச் பிழை என்று ஒரு வசனம் எழுதிக் கொடுத்திருந்தாலே போதும். "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதே சனிக்கிழமை வாசிகசாலையொன்றில் விஞ்ஞான மனப்பாங்கு பற்றிப் பேசினேன். சினிமாவில் விஞ்ஞானிக்குக் குறுந்தாடி ஒட்டி, கலர்த் தண்ணீர் கொதிக்கிற குடுவைகளுக்கு நடுவே நிறுத்துகிறார்களே என்று கிண்டலடித்தேன். "கண்டதைக் கண்டபடி எழுதுறவன்தான் விஞ்ஞானி" என்றேன். நல்ல கைதட்டல். சினிமாக்காரனாவது, நடிக்கிறேன் என்று சொல்லித்தான் நடிக்கிறான். சீ என்று இருந்தது எனக்கு.

3. பண்டத்தரிப்பு

சில வருடங்கள் கழித்து, பண்டத்தரிப்பில் ஒரு பாடசாலையின் விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்னைப் பிரதம விருந்தினராக அழைத்தார்கள். சைக்கிளில் போய் இறங்கினால், மாலையோடு வந்த ஆசிரியை யூஜினி. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

மேசையில் பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகள் அடுக்கியிருந்தன. ஊசல் பரிசோதனையைப் புரட்டினேன். ஒரு கொப்பியில் 9.81. அடுத்ததிலும் 9.81. எல்லாவற்றிலும் அதேதான்.

"எல்லாருக்கும் எப்பிடி உவ்வளவு திருத்தமா வந்தது?"

"விடையிலையிருந்து பின்னுக்கு வரச் சொல்லிக் குடுத்தனான் சேர்," என்றாள் சாதாரணமாக. "பிள்ளையளுக்குப் புள்ளி போகக் கூடாதெல்லே."

அந்த இடத்தில்தான் எனக்கு வாய் திறந்தது. "யூஜினி, அண்டைக்கு உம்மடை விடை சரி. வாட்ச்தான் பிழை."

"தெரியும் சேர். அண்டைக்கே பக்கத்து மேசை வாட்ச்சோடை ஒப்பிட்டுப் பாத்தனான். இது முந்தி ஓடினது."

"அப்ப ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டனான் சேர். அதுக்குள்ளை எல்லாரும் சிரிச்சிட்டினம்."

இதை வாசிக்கிற இளம் விரிவுரையாளர்களுக்கு என்னிடம் பெரிய பாடம் எதுவும் இல்லை. விடை பிழை என்று தோன்றினால், பிள்ளை சொல்லி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நான் நிற்கவில்லை. அன்றைக்கு விருந்தினர் புத்தகத்தை அவளே கொண்டுவந்து நீட்டினாள். 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.